அந்த இரண்டு இட்லி உங்கள் பழக்கமா, ஊசியின் வேலையா?

குரோம்பேட்டை அக்கா:
எடைக் குறைப்பு ஊசி பற்றிய இழையில் திருவான்மியூர்த் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: "ஆறு மாதம் செமாக்ளூடைட் ஊசி போட்டேன். 96 கிலோ 83 ஆனது. காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவது பழக்கமாகிவிட்டது. 21 நாள் செய்தாலே எதுவும் பழக்கம், நான் 180 நாள் செய்திருக்கிறேன். ஊசியை நிறுத்திவிட்டேன், நீங்களும் நிறுத்தலாம்."

உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஆனால் "நீங்களும் நிறுத்தலாம்" என்று ஊருக்கே சொன்னீர்கள் பாருங்கள், அதற்குத்தான் வந்தேன். இரண்டு இட்லியோடு நீங்கள் எழுந்திருக்கவில்லை தம்பி, ஊசி உங்களை எழுப்பிவிட்டது. சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்குவதை அந்த மருந்து தாமதப்படுத்துகிறது, மூளைக்குப் போதும் போதும் என்று சொல்கிறது. பசியே இல்லாத ஆள் இரண்டோடு எழுந்தால் அதற்குப் பெயர் பழக்கமா?

திருவான்மியூர்_86:
அக்கா, மருந்து பசியைக் குறைத்தது, அவ்வளவுதான். தட்டில் இரண்டு மட்டும் வைத்தது நான். ராத்திரி பதினோரு மணிக்குப் பிரியாணி வரவழைக்கும் ஆப்பை போனிலிருந்து எடுத்தது நான். ஊசியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, இன்று காலையும் இரண்டு இட்லிதான். என் உழைப்பை ஊசி கணக்கில் எழுதாதீர்கள்.

குரோம்பேட்டை அக்கா:
மூன்று வாரமா! அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அநேகமாக முழுவதும் வெளியேற ஐந்து வாரம் போல ஆகும். இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இரண்டு இட்லியிலும் ஊசிக்குப் பங்கு இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 11 கிலோ குறைந்ததும் டாக்டரைக் கேட்காமல் நானே நிறுத்தினேன். முதல் மாதம் உங்களைப் போலத்தான், வீடு முழுக்கப் பெருமை. ஆறாவது வாரம் ஒரு ராத்திரி, விளக்குகூடப் போடாமல், ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி எவர்சில்வர் தூக்கிலிருந்து புளியோதரையை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தூக்கின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தத்தில் என் பெண் எழுந்து வந்துவிட்டாள். பத்து மாதத்தில் எட்டு கிலோ திரும்ப வந்தது. நானும் இரண்டு இட்லிக்காரிதான் தம்பி.

மயிலை வாசி:
முதலில் எந்த அளவு இட்லி என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் தட்டு இட்லியும் கடை இட்லியும் ஒன்றா? நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்த பொடி எத்தனை ஸ்பூன்? இதெல்லாம் தெரியாமல் இரண்டு, இரண்டு என்றால் என்ன அர்த்தம்?

குரோம்பேட்டை அக்கா:
மயிலை சார், இட்லியின் அளவா இங்கே பேச்சு? யார் எழுந்தார்கள் என்பதுதான் பேச்சு.

பெரம்பூர்க்காரன்:
ஊசியும் வேண்டாம், இந்தச் சண்டையும் வேண்டாம். நான் நடந்தே ஒன்பது கிலோ குறைத்தவன். பெசன்ட் நகரில் அரசாங்கமே 2023 நவம்பரில் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறது. அதில் நடக்க யாருக்கும் நேரமில்லை, ஊசிக்கு மட்டும் மாதாமாதம் பணம் இருக்கிறது. மன உறுதி இருந்தால் எல்லாம் நடக்கும்.

குரோம்பேட்டை அக்கா:
வந்துவிட்டார். போன வருஷம் தைராய்டு இழையிலும் இதே மன உறுதிதான். அந்தப் பெண் அழுதுவிட்டுக் கணக்கையே மூடிக்கொண்டு போனாள், நான் மறக்கவில்லை. முட்டி தேய்ந்தவர்கள், பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு உள்ளவர்கள், ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களை எல்லாம் எட்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்வீர்களா? உடல் பருமன் ஒரு நோய், அதற்கு மருந்து எடுப்பதில் வெட்கமில்லை. மருந்தைக் கேவலமாகப் பேசுகிற நீங்களும், மருந்து செய்ததைத் தன் பெருமையாகப் பேசுகிற தம்பியும் எனக்கு ஒன்றுதான்.

பெரம்பூர்க்காரன்:
அன்றும் பதினேழு பதிவு போட்டு என்னைப் பேசவிடாமல் அடித்தது நீங்கள்தான். அவர் போனதற்கு நான் காரணமா? எனக்கும்தான் முட்டி வலி இருந்தது, நடந்து சரி செய்தேன். இழையின் தலைப்பை "அக்கா பேசுகிறார்" என்று மாற்றிவிடுங்கள்.

மருந்துக்கடை தம்பி:
ஒரு நிமிஷம். வேளச்சேரி பக்கம் கடையில் நிற்கிறேன். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற இன்னொரு எடைக் குறைப்பு ஊசியும், ஜூனில் செமாக்ளூடைட் ஊசியான வெகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு, டாக்டர் சீட்டு இல்லாமல் வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டி ஊசி கேட்பவர்கள் உண்டு. பாதியில் விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பழைய அளவிலேயே ஆரம்பிக்கிறேன் என்பவர்களும் உண்டு. வெகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 2.4 வரை ஏற்றுகிற மருந்து. நெடுநாள் விட்டுவிட்டு நேராக மேலே போனால் வாந்தி பின்னிவிடும். நிறுத்துவதையும் திரும்பத் தொடங்குவதையும் டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

மயிலை வாசி:
நல்லது தம்பி. ஆனால் இட்லி அளவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

திருவான்மியூர்_86:
அக்கா, நானும் படித்திருக்கிறேன். நிறுத்தினால் திரும்ப ஏறும் என்று எல்லாரும் காட்டுகிற ஸ்டெப் 1 என்ற செமாக்ளூடைட் ஆய்வை எடுங்கள். 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய பிறகு ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. சரி. ஆனால் அங்கே ஊசியோடு சேர்த்து உணவு, உடற்பயிற்சி ஆலோசனையையும் நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கில் லிராக்ளூடைட் என்ற இதே வகை ஊசியோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள், இரண்டையும் நிறுத்தி ஒரு வருஷம் கழித்தும், ஊசி மட்டும் போட்டவர்களைவிட எடையை நன்றாகத் தக்கவைத்திருந்தார்கள். பழக்கம் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குரோம்பேட்டை அக்கா:
அப்படி வாருங்கள்! அவர்கள் உடற்பயிற்சி செய்தார்கள் தம்பி, இட்லியை எண்ணவில்லை. உங்கள் முழுப் பதிவிலும் நடை என்று ஒரு வார்த்தை உண்டா? எடை தூக்கினேன் என்று உண்டா? குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. ஒரு இட்லியில் புரதம் சுமார் இரண்டு கிராம்தான். அவித்த முட்டை ஒன்றில் ஆறு. பசி இல்லாத அந்த ஆறு மாதம்தான் பழகிக்கொள்ள வேண்டிய காலம். தட்டில் முதலில் முட்டையோ சுண்டலோ பனீரோ, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி, ஒரே நேரத்தில் தூக்கம். பசி திரும்பி வந்த பிறகும் கையில் நிற்பது இவைதான். இரண்டோடு எழுந்திருப்பது பசி வந்த அன்றே போய்விடும்.

அப்புறம் அந்த 21 நாள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்க ஆரம்பிக்க நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

திருவான்மியூர்_86:
66 என்றாலும் நான் 180 ஆயிற்றே!

குரோம்பேட்டை அக்கா:
பசியோடு ஒரு நாளாவது செய்தீர்களா?

பெரம்பூர்க்காரன்:
எடைப் பயிற்சி, புரதம், தூக்கம். மன உறுதி இல்லாமல் இதெல்லாம் யார் செய்வார்கள்? நான் சொன்னதைத்தானே நீட்டி முழக்கியிருக்கிறீர்கள்.

குரோம்பேட்டை அக்கா:
நீங்கள் சொன்னது ஊசி வேண்டாம் என்று. நான் ஊசியை மறுபடி தொடங்கியிருக்கிறேன், இந்த முறை டாக்டரோடும் டயட்டீஷியனோடும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி, செவ்வாயும் சனியும் டம்பெல். இதில் எங்கே உங்கள் மன உறுதி வந்தது?

மயிலை வாசி:
டம்பெல் எத்தனை கிலோ?

குரோம்பேட்டை அக்கா:
மூன்று. அதையும் வந்து அளக்கப் போகிறீர்களா?

திருவான்மியூர்_86:
நான் நிறுத்தியது நிறுத்தியதுதான். மார்கழியில் சபா கேன்டீனிலேயே உட்கார்ந்து இரண்டோடு எழுந்து காட்டுகிறேன். படமும் போடுகிறேன்.

குரோம்பேட்டை அக்கா:
தட்டின் படம் எனக்கு வேண்டாம். பொங்கல் கழித்து எடை மெஷினைப் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை அந்த "நீங்களும் நிறுத்தலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். கேட்பது அதை மட்டும்தான்.

திருவான்மியூர்_86:
எடுக்க மாட்டேன்.

மயிலை வாசி:
எந்த சபா கேன்டீன்? அங்கெல்லாம் இட்லி சிறிதாக இருக்குமே.