கிரப் மெனுவில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் திரை) மாட்டிய அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பூவரசு:
அக்கா லேப்டாப்பில் விண்டோஸோடு இருந்த டெபியன் லினக்ஸை 11-இலிருந்து 12-க்கு ஏற்றினேன், எல்லாம் சுத்தமாக முடிந்தது, ரீபூட் செய்தால் மெனுவில் விண்டோஸைக் காணோம். அவளுடைய ஆபீஸ் கணக்கு முழுக்க அதில்தான். பின்னால் நின்று "போச்சாடா?" என்று கேட்டாள், அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. விண்டோஸின் பார்ட்டிஷன் (டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதி) அப்படியேதான் இருந்தது. கிரப் 2.06-இலிருந்து, மற்ற ஓஎஸ்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் ஓஎஸ்-ப்ரோபர் தானாக ஓடாது, அவ்வளவுதான். /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற அமைப்பு ஃபைலில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் போட்டு, மெனுவைப் புதிதாக எழுதும் அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்ததும் 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி வந்தது பாருங்கள், அப்போதுதான் மூச்சு வந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிட்டால் போதுமா?

நடுநிசி:
பூவரசு, ஓஎஸ்-ப்ரோபரை நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாத பார்ட்டிஷனை எல்லாம் ரூட் உரிமையோடு திறந்து பார்ப்பது ஆபத்து. யூஈஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த தொடக்க மென்பொருள்) மெஷின் என்றால் பயாஸின் பூட் மெனுவிலிருந்தே விண்டோஸுக்குப் போயிருக்கலாமே.
என்னுடையது வேறு. நண்பனுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு, கிரப் தாண்டியதும் கறுப்புத் திரை. மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (கெர்னல் திரை முறையை மாற்றாமல் இருக்கச் சொல்லும் ஆப்ஷன்) சேர்த்து எஃப்10. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக டெஸ்க்டாப் வந்து நின்றது. அப்படி வந்ததே போதும், டிரைவர் போட்டுவிட்டோம்.

கூழாங்கல்:
அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறையும் 'ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலவுட்' என்று நிற்கும், டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். கடைசியாகத் தேர்ந்ததை நினைவில் வைக்க யாரோ கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ போட்டிருக்கிறார்கள், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் கிரப்பால் அந்தத் தேர்வை எழுதி வைக்க முடியாது. எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது.
அப்புறம் நடுநிசி, 'இ' அழுத்திச் சேர்ப்பது அந்த ஒரு பூட்டுக்குத்தான், அதையும் சொல்லியிருக்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்-இல் போடுங்கள். பெயரின் கடைசியில் டிஃபால்ட் இல்லாத கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ், சிக்கலில் பயன்படும் ரெக்கவரி மோடுக்கும் சேர்த்துப் போய்விடும், தப்பான ஆப்ஷனை அதில் போட்டால் தப்பிக்கிற வழியும் அடைபடும். தானாக எழுதப்படும் மெனு ஃபைலான கிரப்.சிஎஃப்ஜி-யில் யாரும் கை வைக்காதீர்கள், அடுத்த கெர்னல் அப்டேட்டில் அழிந்துவிடும். மெனு காத்திருக்கும் டைம்அவுட்டைப் பூஜ்யம் ஆக்காதீர்கள், மூன்று விநாடி காத்திருந்தால் ஒன்றும் குறையாது. ஃபெடோரா லினக்ஸ்காரர்களுக்கு அப்டேட்-கிரப் கிடையாது, பூட் ஆப்ஷன்களை மாற்ற க்ரபி என்ற கட்டளை இருக்கிறது. லைவ் யூஎஸ்பி (டிஸ்க் இல்லாமலே லினக்ஸ் ஓட்டும் பென்டிரைவ்) ஒன்று மேஜையிலேயே கிடக்கட்டும்.

பூவரசு:
நடுநிசி, எனக்கு பயாஸ் தெரியும். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறக்கப்போவது அக்கா.