ஷெரிஃப் கண்டுகொள்ள மாட்டார் என்று நம்பித் துப்பாக்கியைத் தொடாதீர்கள்

வாஷிங்டன் மாநிலத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள்: "கிழக்குப் பக்கக் கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போலீஸ் தலைவரான ஷெரிஃபே துப்பாக்கிச் சட்டத்தை அமல்படுத்த மாட்டேன் என்கிறாராமே, அப்போ நமக்கும் பயமில்லையே?" அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள்.

2018 நவம்பரில் ஐ-1639 என்ற சட்டம் பொதுவாக்கெடுப்பில் சுமார் 59 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதன்படி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்க 21 வயதாக வேண்டும். பின்னணிச் சோதனையும் கடுமையானது. கிராமப்புறம் கொதித்தது. ரிபப்ளிக் என்ற சிற்றூரின் போலீஸ் தலைவர் லோரன் கல்ப் இதை அமல்படுத்த மாட்டேன் என்றார். ஷெரிஃப்கள் பலரும் அதையே சொன்னார்கள். நம் ஊர் எஸ்.பி. போல மேலிடம் நியமிப்பவர் அல்ல, பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரிஃப் உள்ளூர் ஓட்டில் ஜெயித்து வருபவர். அந்த ஓட்டைத்தான் அவர் பார்ப்பார். மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அன்றைய அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் 2019 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதி அவர்களை எச்சரித்தார்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ஹெச்1பி (வேலை), ஹெச்4 (அவர் குடும்பத்தார்), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், நாடுகடத்தலும் சேர்ந்து வரும். இதில் ஷெரிஃபின் தயவு எதற்கும் உதவாது. ஆபீஸ் நண்பர்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போய் வாடகைத் துப்பாக்கியை நீட்டி, "சும்மா ஒரு தடவை சுடு" என்பார்கள். கையில் வாங்கினாலே வைத்திருந்த கணக்குதான். அதை போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் வேறு போடுகிறார்கள் நம் பிள்ளைகள்! கிரீன் கார்டு வந்தவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களும் வக்கீலிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை குழந்தைகள். பூட்டாமல் விட்ட துப்பாக்கி குழந்தை கையில் சிக்கி அசம்பாவிதம் நடந்தால் உரிமையாளர்மீது வழக்குப் போட முன்னே சொன்ன ஐ-1639 சட்டம் வழி செய்கிறது. ஆனால் அது நடந்த பிறகுதான். வீடு வீடாக யாரும் சோதிப்பதில்லை. அமல்படுத்தவே மனமில்லாத கவுண்டியில் கேட்கவே வேண்டாம். அதனால் பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் நீங்களே கேளுங்கள்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா? தோட்டா தனியாக இருக்கிறதா?" இங்கே பல பெற்றோர் சாதாரணமாகக் கேட்கும் கேள்விதான். முகம் சுளித்தால், குழந்தைகளை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.