ஆங்கில மனுவில் எதற்கெல்லாம் பெரிய எழுத்து?

பாம்பன்காரன்:
எங்கள் மீனவர் சங்கத்துக்காக ஒன்றிய அரசின் மீன்வளத் துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறேன். ஆபீஸ், போட், நெட் என்று கண்ட சொல்லுக்கெல்லாம் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன் என்று டைப் அடித்துத் தரும் தங்கச்சி சொல்கிறது. அதற்கும் சரியாகத் தெரியவில்லை. துறை, மாவட்டம், மன்னார் வளைகுடா, இதற்கெல்லாம் என்ன விதி?

தொண்டி வாத்தியார்:
தம்பி, முழுப் பெயரா, பொதுச்சொல்லா என்று மட்டும் பாருங்கள். கல்ஃப் ஆஃப் மன்னார் என்பது பெயர், ஜியும் எம்மும் பெரிது, நடுவில் வரும் ஆஃப் சின்னது. அடுத்த வரியில் வெறுமனே 'தி கல்ஃப்' என்று வந்தால் ஜி சின்னதாகிவிடும். துறைக்கும் இதேதான், ஆனால் அரசுக் கடிதங்களில் தனியாக வரும் 'தி டிபார்ட்மென்ட்'டையும் பெரிய எழுத்தில் எழுதுவது உண்டு, நீங்கள் எதை எடுத்தாலும் மனு முழுக்க அப்படியே போங்கள். சவுத் இந்தியாவில் எஸ் பெரிது, தனுஷ்கோடிக்குத் தெற்கே என்று திசை சொல்லும்போது சின்னது. போட், நெட் எல்லாம் சின்னதுதான். அப்புறம், தமிழ்நாடு ஆங்கிலத்தில் இரண்டு சொல், டியும் என்னும் பெரிது.

கீழக்கரை வாசகி:
நாம் மரியாதைக்காகப் பெரிய எழுத்து போடுகிறோம் அண்ணே, அதுதான் குழப்பமே. தமிழில் 'ஆட்சியர் அவர்கள்' என்று எழுதிப் பழகிய கைக்கு, கலெக்டரைச் சின்ன சியில் எழுத மனசு வராது. மேலே முகவரியில் பதவிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும், உள்ளே 'கலெக்டரைப் பார்த்தோம்' என்கிற இடத்தில் சின்ன எழுத்து மரியாதைக் குறைவே இல்லை.

இன்னொன்று, முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். நான் ஒரு தடவை அப்படி அடித்து 'மண்டபத்தில் கூட்டம்' என்று எழுதப்போய், வெளியூர் அதிகாரி எந்தக் கல்யாண மண்டபம் என்று போனில் கேட்டார். எம் மட்டும் பெரிதாக இருந்திருந்தால் ஊர் என்று தெரிந்திருக்கும்.

பாம்பன்காரன்:
ஐயோ, என் மனுவிலும் மண்டபம் நாலு இடத்தில் வருகிறது! ஊர்ப்பெயர்களின் ஸ்பெல்லிங் 2020இல் மாறியதே, அதைப் போடவா?

தொண்டி வாத்தியார்:
வேண்டாம். 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அந்த அரசாணை ஜூனில் வெளியாகி அதே மாதமே திரும்பப் பெறப்பட்டது. பழைய ஸ்பெல்லிங்கையே எழுதுங்கள்.