மாவ்மாவ் உடைக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக்ஸ், அனிமே ரசிகர் விழாவான காமிக் ஃபியஸ்டாவுக்கு, ‘தி அபோதிகரி டயரிஸ்’ என்ற அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) நாயகி மாவ்மாவாக வேடம் போட்டுப் போக ஆசை. 2023 அக்டோபரில் தொடர் வந்ததிலிருந்தே எனக்கு அவள்மேல் தனிப் பிரியம். அரண்மனையில் எல்லாரும் அழகாகத் தெரியப் போட்டி போட, இவள் மட்டும் முகத்தில் பொய்ப் புள்ளி வைத்துக்கொண்டு திரிகிறாள்!

கதை நடப்பது கற்பனை நாட்டில் என்றாலும், உடைகள் பழைய சீனாவின் பாரம்பரிய உடையான ஹான்ஃபுவின் சாயல்தான். குட்டை மேலாடையும் உயர்த்திக் கட்டும் நீளப் பாவாடையும் சேர்ந்தது ருச்சுன் என்ற ஹான்ஃபு வகை; அதைத்தான் தைக்கக் கொடுக்கிறேன். மேலாடையில் உடுத்துபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும். மாற்றி மடித்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. தையல்கார அக்காவிடம் இதைப் படம் வரைந்தே காட்டிவிட்டேன்.

சிக்கல் பாவாடையில்தான். பாலியஸ்டரில் மடிப்பு அழகாக நிற்கிறது, ஆனால் நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் நடக்க நடக்க இறங்குகிறது. உள்ளே தோள்பட்டி வைக்கலாமா, இல்லை பட்டைக்குள் பருத்தித் துணி கொடுத்தால் பிடித்துக்கொள்ளுமா? வியர்வைக்கு ஏற்ற, கொஞ்சம் கனமாக விழும் துணியை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

அப்புறம் அந்தப் புள்ளிகள். அனிமேயில் இருப்பதுபோல் வெளிர் பழுப்பில் வைத்தால் என் மாநிறத்தில் தெரியவே இல்லை. அதற்காக முகத்தை வெளுப்பாக்க மாட்டேன், அதில் உறுதி. நம் நிறத்தில் எடுபடுகிற, வியர்த்தாலும் அழியாத பென்சில் யாராவது பயன்படுத்தியிருந்தால் எந்த நிறம் என்று சொல்லுங்கள். படமும் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.