குலசை சொந்தங்கள்: கார்த்திக்கு எந்த வேலை?

செல்வி சித்தி: கார்த்திக்கு இஸ்ரோவின் மகேந்திரகிரி ராக்கெட் இன்ஜின் சோதனை மையத்தில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. சென்னை ராக்கெட் கம்பெனியும் கூப்பிடுகிறது. திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அத்தான், நீங்கள் சொல்லுங்கள்.

முருகன் சித்தப்பா: மகேந்திரகிரிதான். இதில் என்ன யோசனை?

ராஜி அத்தை: பெண் வீட்டாரும் அதைத்தான் கேட்பார்கள்.

கார்த்தி: எந்தப் பெண் வீடு அத்தை??

பெரியப்பா: கார்த்தி, பென்ஷனுக்காகச் சொல்லவில்லை. 1993-இல் அமெரிக்கா நெருக்கியதால் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடும் இன்ஜின் தொழில்நுட்பத்தை ரஷ்யா தர மறுத்தது. நாமே செய்த அந்த இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் சரியாகப் போனது 2014 ஜனவரியில். மகேந்திரகிரியில் சோதனை நாளன்று கொளுத்தும் வெயிலிலும் திரவ ஆக்சிஜன் குழாயில் வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் காசு. இருபது வருடம் வரவே இல்லாமல் எந்தக் கம்பெனி போடும்? அரசு போட்டது.

தினேஷ் அண்ணன்: அப்பா, நம் 4,700 கிலோ ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை 2024 நவம்பரில் ஏற்றிப்போனது அமெரிக்கத் தனியார் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட். நம் பெரிய ராக்கெட் எல்விஎம்3-க்கு அந்த உயரப் பாதைக்கு அந்த எடை முடியாது.

பெரியப்பா: அதனால்தான் இன்னும் போட வேண்டும் என்கிறேன். எத்தனை நாள் அடுத்தவன் வாசலில் நிற்பது?

தினேஷ் அண்ணன்: ஷட்டில் விண்கலத்தை 2011-இல் நிறுத்திய நாசா, 2020 வரை ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில்தான் ஆள் அனுப்பியது. அதை மாற்றியது தனியார்தானே?

பெரியப்பா: அந்தத் தனியாருக்குப் பணம் கொடுத்தது யார்? நாசாதான்.

ராஜி அத்தை: அது இருக்கட்டும். தசராவுக்கு வேன் யார் பேசுவது?

முருகன் சித்தப்பா: போன வருட வேன் பணமே இன்னும் சிலர் தரவில்லை.

ராஜி அத்தை: பனங்காடு விற்ற பணத்தைப் பற்றியும் இங்கேயே பேசுவோமா முருகா?

பெரியப்பா: ராஜி, அது வேண்டாம்.

கார்த்தி: பெரியப்பா, சென்னைத் தனியார் கம்பெனி அக்னிகுல் 2024 மே 30-இல் ராக்கெட் ஏவியதும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்தான். ஒரே துண்டாக 3டி-யில் அச்சிட்ட இன்ஜின். அந்த மாதிரி வேலைமேல்தான் எனக்கு ஆசை.

செல்வி சித்தி: ஆசை சரி. சம்பளம் மாதாமாதம் வருமா?

பெரியப்பா: நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இடம் கொடுத்தது இஸ்ரோ. நம் குலசை ஏவுதளமும் அரசுப் பணம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கைக்காக வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து நேர் தெற்கே கடல். 500 கிலோ தூக்கும் சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்கு அந்த மிச்சம் பெரிது. நாளை தனியாரும் இங்கே வந்துதான் ஏவுவான்.

செல்வி சித்தி: அப்போ எதில் சேரட்டும் அத்தான்?

பெரியப்பா: ஆர்டரை வேண்டாம் என்று எழுதுவதற்கு முன் என்னை வந்து பார்க்கட்டும்.

கார்த்தி: ஞாயிறு வருகிறேன் பெரியப்பா.

முருகன் சித்தப்பா: வேனுக்கு எத்தனை பேர்? குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.