இடக்கைப் பழக்கமுள்ளவருக்குப் பட்டன் லாக் மடக்குக் கத்தி பொருந்துமா?

கேள்வி: கிடங்குக்காரன், சென்னை

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உதிரிபாகக் கிடங்கில் வரும் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அட்டைப்பெட்டிகளைத் திறப்பது, அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையை அறுப்பது, நைலான் கயிற்றை வெட்டுவது என்று நாள் முழுவதும் கத்திக்கு வேலை இருக்கிறது. மதியம் அதையே கழுவித் துடைத்து ஒரு கொய்யாவையோ மாங்காயையோ நறுக்கிக்கொள்வதும் உண்டு. வீடு திருவொற்றியூரில், கடற்கரையை ஒட்டி இருப்பதால் இரும்புச் சாமான் எதுவானாலும் விரைவில் துருப்பிடிக்கிறது.

இப்போது வைத்திருப்பது லைனர் லாக் வகை; பிடியின் உள்ளே இருக்கும் ஒரு வளையும் தகடு அலகைப் பூட்டும். நான் இடது கைப் பழக்கமுள்ளவன். அதன் பூட்டுத் தகடு வலது கைக் கட்டைவிரலுக்காக அமைக்கப்பட்டது என்பதால், அதை மடக்கும்போது விரலை அலகு வரும் வழியிலேயே கோணலாக நுழைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே பட்டன் லாக் உள்ள, கையால் திறக்கும், பைக்குள் அடங்கும் சிறிய கத்தி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பொத்தானை அழுத்தினால் தானாகப் பாயும் கத்தி எனக்கு வேண்டாம். இந்தப் பூட்டு நம்பத் தகுந்ததா, இடது கைக்கு ஏற்றதா, எந்த எஃகைத் தேர்ந்தெடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். வேலை நிமித்தம் அவ்வப்போது தில்லிக்கும் செல்ல நேர்கிறது. அங்கே இதற்குத் தடை ஏதும் உண்டா?

மறுமொழி 1: லேத் பட்டறை, கோயம்புத்தூர்

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் உங்கள் சந்தேகங்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பொத்தான் என்று வெளியே தெரிவது ஒரு சிறு எஃகு உருளையின் தலை. அந்த உருளை ஒரே தடிமனில் இருக்காது. ஒரு பகுதி தடித்தும் ஒரு பகுதி மெலிந்தும் கடையப்பட்டிருக்கும், அடியில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். கத்தியை விரித்ததும் ஸ்பிரிங் உருளையை மேலே தள்ள, தடித்த பகுதி அலகின் அடிப்புறத்தில் வெட்டப்பட்டுள்ள படியில் வந்து ஆப்பு வைத்தாற்போல் உட்கார்ந்துகொள்கிறது. பொத்தானை அழுத்தினால் மெலிந்த பகுதி அந்த இடத்துக்கு வந்து, அலகு தடையின்றி மடங்க வழி விடுகிறது. மடக்கும்போது எந்த விரலும் அலகின் பாதையில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை. லைனர் லாக்கிலோ, பிடியின் சட்டமே பூட்டாக அமையும் ஃபிரேம் லாக்கிலோ இதைச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த அமைப்பின் பலவீனமும் அதே உருளையில்தான் இருக்கிறது. அலகை மடித்த நிலையில் பிடித்து வைப்பதும் பெரும்பாலும் அந்த உருளைதான். அலகின் அடியில் உள்ள சிறு குழியில் அதன் விளிம்பு பதிந்திருக்கும். ஆகவே பைக்குள் சாவிக்கொத்தோ கைப்பேசியோ பொத்தானை அழுத்திவிட்டால், அலகைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லாமல் போகலாம். பொத்தான் பிடியின் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் கத்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். சுற்றிலும் சிறு பள்ளம் கடைந்து அதற்குள் பொத்தானை இறக்கி வைத்திருக்க வேண்டும். கத்தியைப் பையில் மாட்டும் கிளிப்பையும் அலகின் முதுகு பையின் பின் தையலோடு ஒட்டி நிற்கும்படி மாட்டிக்கொண்டால், தற்செயலாகப் பொத்தான் அழுந்தினாலும் அலகு வெளியே வர இடம் இருக்காது.

இன்னொன்று, ஆட்டம். பக்கவாட்டு ஆட்டத்தை அச்சாணித் திருகை இறுக்கிச் சரிசெய்துவிடலாம். விரித்த நிலையில் அலகு மேலும் கீழும் அசைந்தால் அது உருளைக்கும் படிக்கும் இடையிலான பொருத்தத்தில் உள்ள குறை. எந்தத் திருகைத் திருப்பினாலும் அது போகாது. இணையத்தில் வாங்கினாலும் வந்த அன்றே இதைச் சோதித்துப் பார்த்து, அசைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மறுமொழி 2: பழைய பேனாக்கத்தி, திருச்சிராப்பள்ளி

கேட்டதற்கு நேரான பதில் இது இல்லை என்பது தெரியும்; ஆயினும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியையும் கொய்யாவையும் வெட்டுவதற்கு ஸ்பிரிங், உருளை, பேரிங் எதுவுமே தேவையில்லை. பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் 1890-களிலிருந்து செய்யப்படும் ஒப்பினெல் கத்தியில், 1955 முதல், பிடியின் கழுத்தில் சுழலும் ஓர் உலோக வளையமே பூட்டாக இருக்கிறது. அந்த வளையத்தை இடது கையாலும் திருப்பலாம், வலது கையாலும் திருப்பலாம். ஏழாம் எண் கத்தியின் அலகு 8 செ.மீ., ஆறாம் எண்ணுடையது 7 செ.மீ. வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு வகையையே கேட்டு வாங்க வேண்டும். கார்பன் எஃகு வகை திருவொற்றியூர்க் காற்றுக்குத் தாங்காது. மரப்பிடி மழைக்காலத்தில் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் குறை. ஒரே கையால் திறந்து மடக்குவதும் எளிதல்ல. ஒரு கையில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு வேலை செய்பவராக இருந்தால் நான் சொன்னதை மறந்துவிடலாம்.

மறுமொழி 3: சட்டம் படித்தவன், மதுரை

தில்லி பற்றிக் கேட்டிருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். இது பொதுவான விளக்கமே. வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் அணுக வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. அதிலும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு இருக்கிறது. இந்த அளவுகோலின்படி 3 அங்குல மடக்குக் கத்தி எங்கோ கீழே நிற்கிறது. தில்லியின் நிலை வேறு. அங்கு 1980 அக்டோபரில் நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, ஸ்பிரிங் கத்தி, பட்டன்தார் (பொத்தான் உள்ள) கத்தி, இயந்திர அமைப்பால் திறக்கும் அல்லது மூடும் பிற கத்திகள் ஆகியவற்றில், அலகு 7.62 செ.மீ. நீளத்தையும் 1.72 செ.மீ. அகலத்தையும் எட்டுபவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வெறுமனே வைத்திருப்பதே குற்றமா, விற்பனை முதலிய நோக்கங்களுக்காக வைத்திருந்தால்தான் குற்றமா என்பது பற்றி நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்திருக்கின்றன. அந்த வாதத்தில் கடைசியில் நீங்கள் வெல்லக்கூடும். ஆனால் அதற்கு முன் ஓர் இரவைக் காவல் நிலையத்தில் கழிக்க நேரிட்டால் அந்த வெற்றியால் என்ன பயன்?

நீங்கள் வாங்க எண்ணுவது தானாகத் திறக்கும் கத்தி அன்று என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பொத்தான் பூட்டை விடுவிக்கிறதே தவிர அலகைத் தள்ளுவதில்லை. எனினும் பையைச் சோதிக்கும் காவலரின் கண்ணில் முதலில் படுவது பிடியின் மேல் இருக்கும் பொத்தான்தான். தவிர, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை உதறினால் இத்தகைய கத்திகள் பலவற்றில் அலகு வெளியே வந்துவிடும். அமெரிக்காவின் 1958-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம், பொத்தானால் தானே திறப்பவற்றோடு, புவியீர்ப்பாலோ உதறும் விசையாலோ திறப்பவற்றையும் சேர்த்தே வரையறுத்தது. 2009-இல், மூடிய நிலையை நோக்கி இழுக்கும் அமைப்புள்ள கத்திகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிரிட்டனில் விதி இதைவிடக் கடுமை. பொது இடத்தில் காரணமின்றி வைத்துக்கொள்ளத் தக்கது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டுள்ள கத்தி அந்த விலக்கில் சேராது என்று 1993-இல் தீர்ப்பாகிவிட்டது. (3 அங்குலம் என்பது 7.62 செ.மீ.; அங்கும் தில்லியிலும் அதே எண் வருவது சுவையான ஒற்றுமை.)

ஆகவே சென்னையில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தில்லிப் பயணத்தின்போது வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் எப்படியும் அனுமதி இல்லை. மெட்ரோ ரயில் நிலையங்களிலும் பை ஸ்கேனருக்குள் போகும் என்பதால், வேலைக்கு ரயிலில் போகிறவராக இருந்தால் கத்தியைக் கிடங்கில் உள்ள மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு வருவது நல்லது.

கிடங்குக்காரன், சென்னை

மூவருக்கும் நன்றி. ஒரு கையால்தான் திறந்து மடக்க வேண்டும் என்பதால் ஒப்பினெலை விட்டுவிடுகிறேன், ஐயா. தில்லிக்கு எடுத்துச் செல்வதில்லை என்பதும் முடிவாகிவிட்டது. எஃகு பற்றியும், இப்போது கிடைக்கும் கத்திகளில் எது தகும் என்பது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? டி2 எஃகு நெடுநாள் கூர் மங்காது என்று சிலர் வற்புறுத்துகிறார்கள்.

மறுமொழி 4: சாணைக்கல், தூத்துக்குடி

டி2 கூர் மங்காது என்பது உண்மை. ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கார்பனும் பன்னிரண்டு விழுக்காடு அளவில் குரோமியமும் உள்ள, தொழிற்சாலை அச்சுகள் செய்யப் பயன்படும் எஃகு அது. ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினமான கார்பைடுத் துகள்களாகிவிடுவதால், துருவைத் தடுக்க எஞ்சியிருப்பது குறைவு. அட்டையை அறுப்பதற்கு அந்தத் துகள்கள் நன்மை செய்யும். கடற்காற்றுக்கும் மாங்காய்ப் புளிப்புக்கும் அவை உதவாது. எங்கள் ஊரில் டி2 அலகைத் துடைக்காமல் இரவு முழுவதும் வைத்துவிட்டால் காலையில் வெட்டுவாய் ஓரமாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்க்கலாம். சாணை பிடிப்பதற்கும் அது அடம் பிடிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது 14சி28என் அல்லது நைட்ரோ-வி. இரண்டுமே சவர அலகுக்கான எஃகின் வழியில் வந்து, சிறிதளவு நைட்ரஜன் சேர்க்கப்பட்டவை. கார்பைடுகள் நுண்ணியவை என்பதால் வீட்டில் இருக்கும் சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறும். அட்டை எந்த எஃகையும் மழுக்கத்தான் செய்யும். ஆகவே நெடுநாள் தாங்கும் கூரைத் தேடுவதைவிட, சனிக்கிழமை மாலை ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவர முடிகிற கூரைத் தேடுவதே உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

கத்திகளில், சிவிவி நிறுவனத்தின் எலிமெண்டம் II-ஐ முதலில் பார்க்கலாம். அலகு 2.96 அங்குலம், அதாவது 7.5 செ.மீ.; நைட்ரோ-வி எஃகு. சிஜேஆர்பி நிறுவனத்தின் பைரைட் பரவலாகப் பாராட்டப்படுவது, விலையும் அடக்கம். ஆனால் பரவலாக விற்கும் வகையில் பிடி முழுவதும் எஃகு என்பதால் சட்டைப்பையில் கனக்கும், வியர்த்த கையில் வழுக்கும். அலகும் 3 அங்குலத்தைச் சற்றுத் தாண்டுகிறது. கலிபோர்னியாவில் செய்யப்படும் ப்ரோ-டெக் மாலிபு மிக நேர்த்தியானது. அதைக் கொண்டு பேக்கிங் பட்டை அறுக்க எனக்கு மனம் வராது.

பராமரிப்பில் ஒரு குறிப்பு. பெரும்பாலான பட்டன் லாக் கத்திகள் பேரிங்கில் சுழல்பவை. அட்டைத் தூசு உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும்; பொத்தான் அழுந்திவிட்டுத் தாமதமாக மேலே வருவது அதன் முதல் அறிகுறி. அப்போது மேலும் எண்ணெய் விடாமல், சோப்பு நீரில் பொத்தானைப் பலமுறை அழுத்தியெடுத்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகிவிடும்; கிரீஸ் கூடவே கூடாது. கொய்யா வெட்டும் அலகின் மேல் தடவ, மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஏற்றது.

மறுமொழி 5: லேத் பட்டறை, கோயம்புத்தூர்

இடது கை பற்றி முன்பு எழுதாமல் விட்டுவிட்டதால் திரும்பவும் வருகிறேன். பொத்தான் பெரும்பாலும் பிடியின் இடப்பக்கத்தில் இருக்கும். வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் இயல்பாக அதன் மேல் வந்து விழும். இடது கையில் பிடிக்கும்போது அந்த இடத்தில் ஆள்காட்டி விரலோ நடுவிரலோ மடங்கி நிற்கும். மடக்குவதற்கு இது வசதியே. ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தி மணிக்கட்டைச் சற்றுத் திருப்பினால் அலகு தானே தாழும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கெட்டியான பட்டையை அறுக்கும்போது பிடியை இறுக்குவீர்கள் அல்லவா? அப்போது அதே விரலின் சதை பொத்தானின் மேல் அழுந்தினால், அலகின் மேல் சுமை இருக்கும் நேரத்திலேயே பூட்டு விடுபடக்கூடும். விரல் பருமனானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே முடிந்தால் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். கத்தியை விரித்து, வேலையின்போது வெட்டுவதற்குப் பிடிக்கும் விதத்திலேயே இடது கையில் இறுகப் பிடித்து, விரல்களைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பொத்தான் துளியும் அசைந்தால் அந்தக் கத்தி உங்களுக்கு உரியதன்று. அப்படியானால் பெஞ்ச்மேட் நிறுவனம் ஆக்சிஸ் என்ற பெயரில் புகழ்பெறச் செய்த குறுக்குக் கம்பிப் பூட்டின் பக்கம் போங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அதைச் செய்யத் தொடங்கிவிட்டதால், இப்போது எளிய விலையிலும் கிடைக்கிறது. இரு பக்கமும் கைப்பிடிக் குமிழ் இருப்பதால் இடம், வலம் என்ற வேறுபாடே அதில் இல்லை. கம்பியைப் பின்னால் இழுத்தால்தான் விடுபடும் என்பதால் இறுக்கிப் பிடிக்கும்போது தற்செயலாகத் திறக்கும் வாய்ப்பும் குறைவு. உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகள் எப்போதாவது ஒடியும். இரண்டு இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்.