புது லொறி: இரண்டு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது

பேலியகொடை மெனிங் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றுவதற்காக மார்ச்சில் எடுத்த சிறிய டீசல் லொறி, 12 வோல்ட். வொரண்டி இன்னும் இருக்கிறது. ஞாயிறும் போயாவும் அடுத்தடுத்து வந்தால் போதும், பற்றரி செத்துவிடும். மழை பெய்தால் டேஷ்போர்டில் தேவையில்லாத விளக்கெல்லாம் எரியும்.

ஏஜென்டிடம் விட்டதில் பற்றரியை மாற்றினார்கள், அப்புறம் ஓல்டனேட்டரை (ஓடும்போது பற்றரியை சார்ஜ் பண்ணுவது). பலனில்லை. ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுவதால் சார்ஜிங்கில் பிழை இல்லை. பஞ்சிகாவத்தை எலக்ட்ரீஷியன் ஒருவர் மீட்டர் போட்டுப் பார்த்தார்: சாவியை எடுத்த பிறகும் பற்றரியிலிருந்து 0.9 ஆம்பியர் போகிறது. சாதாரணமாக 0.05க்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்ட் மீட்டர்களுக்கான பியூஸைக் கழற்றினால் அந்த அளவு இறங்கிவிடுகிறது. ஏஜென்டிடம் இதைச் சொன்னால், வெளியாள் கை வைத்ததால் வயரிங்குக்கு வொரண்டி இல்லை என்கிறார்கள். (ஒரு வயரையும் வெட்டவில்லை!)

இப்படி வொரண்டி மறுத்தபோது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்து யாராவது வேலையை முடித்திருக்கிறீர்களா?